வட்டத்துக்குத் திரும்பிய வெள்ளைமூஞ்சி

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் காலை, ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஆம்புரோஸ் டக்கெட் தன் வண்டியின் பின்கதவைத் திறந்து, தேர்ஸாவின் மந்தையில் மிஞ்சியிருந்த ஒரே ஆட்டை அவள் வாசலில் இறக்கிவிட்டார். அப்படி ஒன்று மிஞ்சியிருக்கிறது என்பதே அவளுக்கு அதுவரை தெரியாது. நூற்றுத் தொண்ணூறும் போய்விட்டன என்று நம்பி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. கடைசி எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது உண்மைதான். பனியில் எங்காவது செத்திருக்கும் என்று விட்டுவிட்டாள்.

வெள்ளை முகம். இடது காது நுனியில் முக்கோண வெட்டு, அதன் கீழே ஒரு துளை. அவள் கணவர் கில்பர்ட்டின் கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து அந்தப் பண்ணைக்கு அதுதான் அடையாளம். தேர்ஸா குனிந்து ஆட்டின் உதட்டை விலக்கிப் பார்த்தாள். முன்பற்களில் பாதி இல்லை. எட்டு வயது இருக்கும், ஒன்பதுகூட இருக்கலாம்.

"இது எங்க இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"அந்த மார்ச் மாசப் பனியில ஓடையத் தாண்டி என் ஆடுங்களோட வந்துடுச்சு. கீழ்வயல்ல சுவருக்குள்ள போட்டு வெச்சேன். மேட்டுல விட்டிருந்தா நேரா கல்வட்டத்துக்குல்ல போய் நிக்கும்."

"வெளிய தெரிஞ்சிருந்தா உன் மந்தையும் சேர்ந்து போயிருக்கும்."

"தெரியலையே."

"குட்டி போட்டுச்சா?"

"இந்த வசந்தத்துல ஒண்ணு. கிடாக்குட்டி. வித்துட்டேன்." ஆம்புரோஸ் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "பெட்டையா இருந்தா சேர்த்துக் கொண்டாந்திருப்பேன், பொண்ணே."

தேர்ஸாவுக்கு வயது அறுபத்தொன்று. அந்தப் பக்கத்தில் பெண் என்றால் சாகிறவரை 'பொண்ணே'தான்.

இருவரும் ஒருவரோடொருவர் பேசியே ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. போன வருஷம் ஏப்ரலில், அவள் மந்தையைக் கொல்ல உத்தரவு வந்தபோது, இதே ஆம்புரோஸ் இதே வாசலில் நின்று, மேட்டில் ஒரு பத்துப் பன்னிரண்டு ஆட்டை விட்டுவிடு, எவனும் ஏறிவந்து தேடப்போவதில்லை என்று தாழ்ந்த குரலில் சொன்னார். தேர்ஸா அவரைக் கன்னாபின்னாவென்று ஏசி அனுப்பினாள். நோய் என்றால் நோய்தான், உன்னைப் போன்ற திருடர்களால்தான் அது ஊரூராகப் பரவுகிறது என்றாள். இப்போது அந்தத் திருடர் கொண்டுவந்த ஆட்டின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை. ஆம்புரோஸும் அதை எதிர்பார்க்காமல் வண்டியில் ஏறினார்.

இப்போது ஏன் கொண்டுவந்தார் என்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. மேய்ச்சல்காரர் சங்கத்திலிருந்து மூன்றாவது கடிதம் வந்தது ஊருக்கே தெரியும். தேர்ஸா புதிதாக வாங்கிய ஆடுகள் அவற்றின் இடத்தில் நிற்காமல் அடுத்தவர் மேய்ச்சலில் எல்லாம் புகுந்துகொண்டிருந்தன. இந்த மாதத்துக்குள் நிறுத்தி வை, இல்லாவிட்டால் மேட்டைவிட்டு இறக்கு என்று எழுதியிருந்தார்கள். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். மாதம் முடிய நான்கு நாள் இருந்தது.

இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் வேலி கிடையாது. போடவும் விடமாட்டார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் புல்லும் புதரும் சேறும் காற்றும்தான். ஆனாலும் ஒவ்வொரு மந்தையும் அதனதன் இடத்தில்தான் மேயும். தாய் மேய்ந்த இடத்தில் குட்டி மேயும். தாய் திரும்பிய ஓடையில் குட்டியும் திரும்பும். மனிதன் அதில் செய்ய ஒன்றுமில்லை. எத்தனையோ தலைமுறையாக ஆட்டிலிருந்து ஆட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிற விஷயம் அது. தேர்ஸாவின் ஆடுகளுக்குக் கிழக்கே ஓடை, வடக்கே இடிந்த சுவர், மேற்கே அடுப்பெரிக்கக் கரிமண் வெட்டிய பள்ளங்கள், நடுவே கல்வட்டம். பண்ணையை விற்றால் மந்தையையும் சேர்த்துத்தான் விற்பார்கள். மந்தை இல்லாமல் வாங்குகிறவன் கல்லையும் மழையையும் வாங்குகிறான் என்பது அங்கே பேச்சு.

அந்த மந்தை ஒரே நாளில் போயிற்று. பக்கத்துப் பண்ணையில் கோமாரி கண்டது. சுற்றிலும் இருக்கிற கால்நடைகளையும் சேர்த்துக் கொல்ல உத்தரவு வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் ஆம்புரோஸ் தப்பித்தார். வெள்ளை உடுப்புப் போட்ட ஆட்கள் நான்கு சக்கர மோட்டார் சைக்கிள்களில் இரண்டு நாள் மேட்டைச் சுற்றி வந்தார்கள். முப்பது ஆட்டைக்கூட அவர்களால் மடக்க முடியவில்லை. மூன்றாம் நாள் அவர்களில் ஒருவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து, உங்களைப் பார்த்தால் எனக்கே வயிறு எரிகிறது, நீங்கள் கூப்பிட்டால் வருமா என்று கேட்டான். ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாய் அவன்தான்.

வரும் என்று தேர்ஸா சொன்னாள். போய் வட்டத்தின் நடுவில் நின்று கூப்பிட்டாள். கடும்பனிக் காலத்தில் வைக்கோலைத் தூக்கிக்கொண்டு போய், முப்பத்தாறு வருஷமாக அங்கே நின்றுதான் அவள் கூப்பிடுவாள். "ஓ... ஹோப்! ஹோப்!" நாலு பக்கமிருந்தும் வந்தன. வரிசையாக அவள் பின்னாலேயே இறங்கி, அவள் திறந்த கதவு வழியாக, அவள் காட்டிய பட்டிக்குள் போயின. நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்று சும்மா பேச்சுக்குச் சொல்வார்கள். அவள் விஷயத்தில் அது பேச்சுக்குச் சொல்வது அல்ல.

ஆறு வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. இரத்தத்தைச் சோதித்துப் பார்த்ததில் ஒரு ஆட்டுக்கும் நோய் இல்லையாம்.

அன்றிலிருந்து அவள் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. இந்த ஏப்ரலில் வடக்கேயிருந்து அறுபது கருமூஞ்சி ஆடுகளை வாங்கி, நாயின் துணையோடுதான் ஓட்டினாள். கில்பர்ட்டுக்கு இதில் இஷ்டமில்லை. அவருக்கு இதயம் பலவீனம். மாடிப்படி ஏறினாலே நடுவில் நின்று மூச்சு வாங்குவார். மகள் ரோவீனா எக்ஸ்மவுத் நகரத்தில் தன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, படிக்கட்டே இல்லாத சின்ன வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருந்தாள். தேர்ஸா ஒரே ஒரு கோடைகாலம் கேட்டாள். கருமூஞ்சிகள் வட்டத்தில் தங்கிவிட்டால் இங்கேயே இருப்பது, தங்காவிட்டால் போய்விடுவது. கில்பர்ட் சரி என்றார். அந்தக் கோடை முழுவதும் தினம் விடிந்ததும் அவள் மேட்டில் ஏறி, இரவில் கலைந்த ஆடுகளைத் தேடி மடக்கி வட்டத்துக்குக் கொண்டுவருவாள். மறுநாள் அவை மேற்கே மூன்று மைல் தள்ளி நிற்கும். தண்ணீரை முறத்தால் அள்ளுகிற வேலை.

"ஒரு ஆட்டை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவ?" என்று சமையலறை ஜன்னல் வழியாகக் கில்பர்ட் கேட்டார்.

"அதுக்கு இடம் தெரியும். மத்ததுங்க பார்த்துக் கத்துக்கும்."

"கிழவிம்மா அது. பல்லே இல்ல."

"உனக்கும்தான் இல்ல. உன்னை நான் வெச்சுக்கல?"

கில்பர்ட் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். தேர்ஸா அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, நாய் டிங்கரை விசில் அடித்துக் கூப்பிட்டுக் கிளம்பினாள்.

மேட்டுக் கதவுவரைதான் ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போனாள். கதவைத் தாண்டியதும் கயிற்றை அவிழ்த்தாள். வெள்ளைமூஞ்சி ஒரு நிமிடம் காற்றை மோந்தது. பிறகு நடந்தது. பாதை இல்லாத இடத்தில் அது பாதையில் நடந்தது: சேற்றை வலப்பக்கமாகச் சுற்றி, இரட்டைப் பாறைக்கு நடுவே புகுந்து, வாய்க்கால் குறுகுகிற இடத்தில் ஒரே தாவலாகத் தாவி. பின்னால் யார் வருகிறார்கள் என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தேர்ஸா அதன் பின்னாலேயே அழுதுகொண்டு நடந்தாள். வாய்விட்டே அழுதாள். மேட்டில் கேட்க ஆள் இல்லை.

வட்டத்தில் இருபத்துமூன்று கற்கள். பத்தொன்பது நிற்கின்றன, நான்கு படுத்துவிட்டன. நிற்பதிலும் பெரும்பாலானவை இடுப்புக்கு மேல் இல்லை. தென்மேற்கில் சாய்ந்து நிற்கிற ஒன்றுதான் ஆள் உயரம். நாலாயிரம் வருஷம் என்று சொல்கிறார்கள். கோயில் என்று ஒருவர் புத்தகம் போட்டார், இல்லை நாட்காட்டி என்று இன்னொருவர் மறுத்துப் போட்டார், இரண்டும் அஞ்சலகக் கடையில் பக்கம் பக்கமாகத் தூசி படிந்து கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனைக்குப் போகாமல் கூத்தடித்த பெண்கள் கல்லாகிப்போனார்கள் என்பது ஊர்க்கதை. கூத்தடிக்காமல் வேலை செய்த பெண்கள் என்ன ஆனார்கள் என்று அந்தக் கதையில் ஒரு வார்த்தை இல்லை.

முந்தின நாள் மாலை மடக்கிவிட்ட கருமூஞ்சிகள் அதிசயமாக அங்கேயே சுற்றுவட்டாரத்தில் மேய்ந்துகொண்டிருந்தன. வெள்ளைமூஞ்சி அவற்றின் நடுவே புகுந்து, நேராகப் பெரிய கல்லின் பின்பக்கம் போயிற்று. அங்கே தரை தொட்டி மாதிரி குழிந்திருக்கும். எத்தனையோ காலமாக ஆடுகள் படுத்துப் படுத்துக் குழிந்த இடம். அது முன்காலை மடித்து, பின்காலை மடித்து, அந்தக் குழியில் படுத்துக்கொண்டது. விழுந்து கிடந்த கல் ஒன்றின் மேல் தேர்ஸா உட்கார்ந்தாள்.

பதினோரு மணிக்கு மழை வந்தது. அந்தப் பக்கத்து மழை மேலிருந்து விழாது, பக்கவாட்டில் அடிக்கும். கருமூஞ்சிகள் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முட்டாள்தனமாக வெட்டவெளியில் நின்றன. கோடை முழுக்க அப்படித்தான் நின்றன. நின்று, நனைந்து, காற்று தள்ளுகிற பக்கமாக நகர்ந்து போய்விடும். தேர்ஸா பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லுக்குப் பின்னால் வெள்ளைமூஞ்சி உலர்ந்த கம்பளியோடு அசைபோட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு கருமூஞ்சி அதன் பக்கமாகத் தலையைத் திருப்பியது. இரண்டு அடி வைத்தது. நின்றது. பிறகு போய்ப் பக்கத்தில் படுத்தது. அதன் பின்னால் இன்னொன்று. மூன்றாவதும்.

கில்பர்ட்டிடம் எப்படிச் சொல்வது என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். மூன்று போதும். மூன்று படுத்தால் நாளைக்கு ஆறு படுக்கும். வசந்தத்தில் குட்டிகள் வரும். குட்டிகள் இந்தக் குழியில் பிறந்தால் அப்புறம் யார் கடிதம் எழுத முடியும்?

அந்த நேரம் பார்த்து, மழைச்சட்டை போட்ட கணவன் மனைவி இருவர் வரைபடத்தைப் பிளாஸ்டிக் உறையில் தொங்கவிட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். வெளியூர்க்காரர்கள். கற்களைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு அந்தப் பெண் தேர்ஸாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இது எதுக்குக் கட்டினாங்கன்னு உங்களுக்குத் தெரியுமாங்க?"

"ஆடு மழைக்கு ஒதுங்க," என்றாள் தேர்ஸா.

கணவர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நாயைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், படுத்திருக்கிற ஆட்டுக்குக் கிட்டே போகாதீர்கள் என்று அவள் சொன்னாள். எங்களிடம் நாயே இல்லையே என்றார் அவர். அப்படியானால் நல்லது என்றாள். அவர்கள் ஒரு கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ரொம்ப அமைதியான இடம் என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

இரண்டு மணிக்கு மழை விட்டது. வெள்ளைமூஞ்சி எழுந்து உடம்பை உதறியது. ஓடைப் பக்கமாகப் போயிற்று. தேர்ஸாவும் எழுந்து தூரத்தில் பின்தொடர்ந்தாள். எல்லையை மறக்கவில்லை என்று அவளுக்குப் பெருமைகூட வந்தது. ஓடைக்கரையில் அது நின்று, தலையை உயர்த்திக் கத்தியது. கொஞ்ச நேரம் காதை நிமிர்த்திக் காத்திருந்தது. பிறகு வடக்கே இடிந்த சுவர்வரை போய் அங்கேயும் நின்று கத்தியது. அங்கேயும் காத்திருந்தது. கரிமண் பள்ளங்களுக்கு வந்தபோதுதான் தேர்ஸாவுக்குப் புரிந்தது. அது எல்லை பார்க்கவில்லை. மற்றவை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தது. தாய், அக்கா தங்கை, தான் போட்ட குட்டிகள், குட்டிகள் போட்ட குட்டிகள், எல்லாம் இருக்கவேண்டிய இடங்களில் ஒவ்வொன்றாகப் போய்க் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

முழுச் சுற்றும் சுற்றிவிட்டு அது வட்டத்துக்குத் திரும்பியது. குழியில் படுக்கவில்லை. கற்களுக்கு நடுவே நின்று கத்திக்கொண்டே இருந்தது. கருமூஞ்சிகள் மேற்கே நகரத் தொடங்கியிருந்தன. காலையில் அதன் பக்கத்தில் படுத்த மூன்றும் எவை என்று இப்போது அடையாளம் தெரியவில்லை.

தேர்ஸாவால் அந்தக் கத்தலைத் தாங்க முடியவில்லை. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல், நடுவில் போய் நின்று, கையை வாயருகே குவித்துக் கூப்பிட்டுவிட்டாள்.

"ஓ... ஹோப்! ஹோப்!"

வெள்ளைமூஞ்சி ஓடிவந்தது. அந்த வயதில், சேற்றைத் தெறித்துக்கொண்டு, குட்டி மாதிரி ஓடிவந்து அவள் முன்னால் நின்றது. அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு தலையை எட்டி அவள் முதுகுக்குப் பின்னால் பார்த்தது, வலப்பக்கம் பார்த்தது, இடப்பக்கம் பார்த்தது. அந்தக் குரல் கேட்டால் எல்லோரும் வருவார்கள் என்றுதான் அதற்குத் தெரியும். அந்தக் குரல் என்ன செய்தது என்று அதற்குத் தெரியாது. தேர்ஸா கையை நீட்டினாள். கையில் வைக்கோல்கூட இல்லை.

"யாரும் இல்லடீ," என்றாள். "நான்தான் கூட்டிட்டுப் போனேன்."

கருமூஞ்சிகளுக்கு அந்தக் குரல் பழக்கம் இல்லை. அவற்றைப் பொறுத்தவரை யாரோ ஒருத்தி திடீரென்று அலறினாள், அவ்வளவுதான். மிரண்டு, மொத்தமாகத் திரும்பி, கரிமண் பள்ளங்களைத் தாண்டி ஓட ஆரம்பித்தன. டிங்கர் தரையோடு தரையாகப் பதுங்கி, உத்தரவுக்காக அவளையே பார்த்தது. ஒரு விசில் போதும். டிங்கர் சுற்றி ஓடி ஐந்து நிமிடத்தில் அத்தனையையும் திருப்பிவிடும்.

வெள்ளைமூஞ்சி ஓடுகிற மந்தையைப் பார்த்தது. திரும்பிக் கற்களைப் பார்த்தது. கடைசியாக ஒருமுறை கத்தியது. யாரும் பதில் சொல்லவில்லை. பிறகு அது நடக்க ஆரம்பித்து, நடை ஓட்டமாகி, பள்ளத்தின் விளிம்பில் அந்த மந்தையைப் பிடித்துவிட்டது. அவள் எண்ணிப் பார்க்கவில்லை. கறுப்புத் தலைகளுக்கு நடுவே ஒரு வெள்ளைத் தலை சரிவில் இறங்கி மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள். விசில் அடிக்கவில்லை. அந்த இடத்தை அறிந்த கடைசி உயிரும் அதைவிட்டுப் போயிற்று. அதைத் தடுக்கிற உரிமை தனக்கு இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

டிங்கர் குழம்பிப்போய் அவள் காலைச் சுற்றிச் சுற்றி வந்தது. வீட்டுக்குப் போகலாம் வா என்றாள்.

கில்பர்ட் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் நனைந்த சட்டையைக் கழற்றி மாட்டினாள். தேநீர் போட்டு அவளிடம் ஒரு கோப்பையைத் தள்ளியபிறகு கேட்டார்.

"அது அங்க தங்கிச்சா?"

"இல்ல. கருமூஞ்சிங்களோட போயிடுச்சு."

"இடம் தெரியும்னு சொன்னியே."

"தெரியும். அத்தனையும் ஞாபகம் இருக்கு. ஓடை, சுவரு, படுக்கிற குழி, ஒண்ணையும் மறக்கல." கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ஆனா அங்க யாரும் இல்ல, கில்பர்ட். இருக்கிறவங்களோட போயிடுச்சு."

கில்பர்ட் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. தேர்ஸா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நீலம் பாய்ந்த உதட்டையும், படிக்கட்டுக்குப் பயந்து சமையலறைக்கே கொண்டுவந்து போட்டிருந்த கட்டிலையும் பார்த்தாள்.

எழுந்து போய்த் தொலைபேசியை எடுத்தாள். ஆம்புரோஸுக்குத்தான் முதலில் பேசினாள். அறுபது கருமூஞ்சியும் ஒரு வெள்ளைமூஞ்சியும் மேற்கே உன் மச்சான் மேய்ச்சலுக்குள் வந்து சேரும், அவரே வைத்துக்கொள்ளட்டும், வெள்ளைமூஞ்சியை மட்டும் தனியாகப் பிரித்துப் போடவேண்டாம் என்று சொன்னாள். "சரி, பொண்ணே," என்றார் ஆம்புரோஸ்.

அதற்குப் பிறகு எக்ஸ்மவுத்துக்கு அழைத்தாள். ரோவீனா எடுத்ததும், அந்த வீடு இன்னும் காலியாகத்தான் இருக்கிறதா என்று கேட்டாள்.